உள்பக்கத் தாழ்ப்பாள்

நவம்பர் 3, ஞாயிறு

சாவியைக் கொடுத்தாயிற்று. உறையூரில் ஒன்பது வருஷம் குடியிருந்த மாடிப் போர்ஷன் ஒரே குட்டியானை வண்டியில் அடங்கிவிட்டது. காட்டூரில் இப்போது ஒரு அறை, ஒரு அடுப்படி. தனி ஆளுக்கு இது தாராளம். அரசி வந்த பிறகு பெரிதாகப் பார்த்துக்கொள்ளலாம்.

மங்கையர்க்கரசி என் மனைவி. ஜூலையில் புதுக்கோட்டைக்கு, அண்ணன் வீட்டுக்குப் போனவள் இன்னும் வரவில்லை. அண்ணிக்கு உடம்புக்கு முடியவில்லை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அன்று காலையில் ஒரு பையை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள். இன்னொரு பையைக் கீழ் வீட்டு டீச்சர் தூக்கிக்கொண்டு கூடவே பஸ் ஸ்டாண்ட் வரை போனார். ஊர்ப் பெண்டுகளுக்கு இதிலெல்லாம் ஒரு ஆசை.

அந்த டீச்சர்தான் வீட்டு ஓனர். பெயர் பிலோமினா, ரிட்டையர்டு, கீழே தனியாக இருக்கிறார். சாவிகளை வாங்கி எண்ணிப் பார்த்தார். வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு அட்வான்ஸை ஒரு வாரத்தில் செட்டில் செய்கிறேன் என்றார்.

அட்வான்ஸ் அறுபதாயிரம். அது அரசியின் பணம். வீடு பிடித்தபோது அவள் அம்மா போட்ட இரட்டை வடச் சங்கிலியை விற்றுத்தான் கட்டினோம். போன மாதம் அவள் அண்ணன் கலியமூர்த்தி போன் பண்ணி, அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டாம், வீட்டைக் காலி பண்ணும்போது அந்த அட்வான்ஸ் மட்டும் போதும் என்றார். ஒரு ரூபாய் குறையாமல் என் கையாலேயே கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். முழுசாக அவள் கையில் வைத்து, வா போகலாம் என்று கூப்பிட வேண்டும். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனுஷனை எவள் வேண்டாம் என்பாள்?

புது வீட்டில் பால் காய்ச்சவில்லை. தனியாகக் காய்ச்சித் தனியாகக் குடிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நவம்பர் 4, திங்கள்

லைட்டரைக் காணோம். தீப்பெட்டி வாங்கினேன்.

நவம்பர் 10, ஞாயிறு

டீச்சரின் லிஸ்ட் வந்தது. கோடு போட்ட தாளில், கரும்பலகையில் எழுதுகிற மாதிரி முத்து முத்தான எழுத்து. பதினாலாயிரத்துச் சொச்சம் பிடித்தமாம்!

ஹால் சுவரில் ஓரிடத்தில் பூச்சு பெயர்ந்திருக்கிறது. வாஷ்பேசின் விரிசல். ஸ்டோர் ரூம் கதவின் நிலை பிளந்திருக்கிறது. கதவின் உள்பக்கம் அனுமதி இல்லாமல் போட்ட தாழ்ப்பாள் பெயர்ந்து தொங்குகிறது. அதே கதவின் உள்பக்கம் எண்ணெய்க் கறை. கடைசியாக மொத்த வீட்டுக்கும் பெயிண்ட்.

பெயிண்டை ஒப்புக்கொள்கிறேன், ஊர் வழக்கம். மற்றதெல்லாம் என்ன அநியாயம்! எண்ணெய்க் கறையாம். சமையல்கட்டை ஒட்டின ஸ்டோர் ரூமில் எண்ணெய் டின் இருக்குமா, பன்னீர்ச் செம்பு இருக்குமா? தாழ்ப்பாள்தான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுகிறது. ஐந்துக்கு நாலு அடி, ஜன்னல் இல்லாத இருட்டு அறை. அதற்கு எவனாவது உள்பக்கம் தாழ்ப்பாள் போடுவானா? பருப்பு டப்பா எழுந்து வந்து போட்டுக்கொள்ளுமா? எங்களுக்கு முன்னால் இருந்த பைத்தியம் எதுவோ போட்டதை என் தலையில் கட்டுகிறார் டீச்சர்.

இந்த அம்மாவுக்கு ஆள் தெரியவில்லை.

நவம்பர் 11, திங்கள்

பதில் எழுதினேன். இருபத்திரண்டு வருஷமாக நான் பார்க்கிற வேலையே இதுதான். விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸுக்கு சர்வே ரிப்போர்ட் கொடுப்பவன் நான். எது பழைய சொட்டை, எது புதுச் சொட்டை, அடி எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது, எவ்வளவு வேகத்தில் விழுந்தது என்று தகரத்தைத் தடவியே சொல்வேன்.

அதனால் எங்கள் ரிப்போர்ட் மாதிரியே கட்டம் போட்டு அனுப்பினேன். சேதம், நிலைமை, காரணம்.

ஹால் சுவர்: பழைய பூச்சு, தானாக உதிர்ந்தது. வாஷ்பேசின்: மட்ட ரகம், வெயிலில் விரிசல் விட்டது. ஸ்டோர் ரூம் நிலை: மழைக்காலத்தில் மரம் உப்பிக் கதவு இறுகியது, திறக்கும்போது பிளந்தது. தாழ்ப்பாள்: நாங்கள் வரும் முன்பே இருந்தது. எண்ணெய்க் கறை: சாதாரணப் புழக்கம்.

படித்துப் பார்த்தேன், கச்சிதமாக இருந்தது. வாடகை கோர்ட்டுக்குப் போக நேரும் என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். சும்மா மிரட்டலுக்குத்தான்.

நவம்பர் 14, வியாழன்

மணப்பாறையில் ஒரு வேன். எதிரே வந்த லாரி இடித்துவிட்டுப் போய்விட்டது, அன்றைக்கு நல்ல மழை என்றான் ஓனர். பம்பரில் சிமெண்ட் துகள் ஒட்டியிருந்தது. இவனே போய்ப் பாலத்துச் சுவரில் மோதியிருக்கிறான். தேதியைப் பார்த்தால் அந்த வாரம் முழுக்க ஒரு சொட்டு மழை இல்லை. உன் வண்டியே உன்னைக் காட்டிக்கொடுக்குதேய்யா என்றேன். அசடு வழிந்தான்.

இரவு முறுக்கு டின்னைத் தேடும்போது அரசியின் தலை எண்ணெய் பாட்டில் அகப்பட்டது. வெட்டிவேரும் கறிவேப்பிலையும் போட்டு அவளே காய்ச்சுவது. எடுத்துக்கொண்டு போக மறந்திருக்கிறாள். மூடி கொஞ்சம் கசிந்திருந்தது. துடைத்து அலமாரியில் வைத்தேன், வந்தால் கேட்பாள்.

நவம்பர் 17, ஞாயிறு

டீச்சரிடமிருந்து நாலே வரி. "தாழ்ப்பாள் நீங்கள் வரும்போது இல்லை. வேண்டுமானால் அரசியைக் கேளுங்கள்."

கேட்டுவிட்டால் போச்சு. கலியமூர்த்தி நம்பருக்குப் போட்டேன். கொஞ்ச நேரம் இழுத்தடித்துவிட்டு அவளிடம் கொடுத்தார். நாலு மாதத்துக்குப் பிறகு அவள் குரல். சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். என்னமோ போலிருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் விஷயத்துக்கு வந்தேன். நாம் குடிவந்தபோதே அந்தத் தாழ்ப்பாள் இருந்தது என்று டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு, உன் பணத்துக்காகத்தான் மல்லுக்கட்டுகிறேன் என்றேன்.

அங்கே குக்கர் விசில் கேட்டது.

"அது நான் போட்டதுங்க" என்றாள்.

"நீயா? எப்போ?"

"நீங்க கரூர் கேம்ப் போயிருந்தப்ப. மூணு வருஷம் இருக்கும்."

"ஸ்டோர் ரூமுக்கு உள்ள எதுக்குடி தாழ்ப்பாள்?"

லைன் கட்டாகிவிட்டது. புதுக்கோட்டைப் பக்கம் சிக்னல் எப்போதும் சரியிருக்காது. திரும்பப் போட்டேன், எடுக்கவில்லை. ஒரு வேளை போன் கீழே விழுந்திருக்கும்.

என்னைக் கேட்காமல் வீட்டில் ஆணி கூட அடிக்கமாட்டாள் என்று நினைத்திருந்தேன்.

நவம்பர் 18, திங்கள்

எழுதி வைக்கிறேன், யாரும் நாளைக்கு வேறு மாதிரிப் பேசக்கூடாது. எனக்குக் கோபம் வரும். வீட்டில் எல்லோருக்கும் வரும். குரல் பெரிது, அப்பாவிடமிருந்து வந்தது. கை நீட்டியது கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் மொத்தமே மூன்று தடவை. அதில் ஒன்றைச் சேர்க்க முடியாது, அவள் குறுக்கே வந்தாள். மறுநாள் அல்வா வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்திருக்கிறேன். குடி கிடையாது, சீட்டு கிடையாது, சம்பளக் கவர் பிரிக்காமல் அவள் கையில் போகும். பக்கத்தில் நாலு வீட்டைக் கேட்டுப் பார்க்கட்டும்.

நவம்பர் 20, புதன்

டீச்சருக்கு மறுபடி எழுதினேன். தாழ்ப்பாள் நாங்கள் போட்டதாகவே இருக்கட்டும், அது உங்கள் வீட்டுக்குக் கிடைத்த லாபம். நிலை பிளந்ததற்கு மரம்தான் காரணம், உள்ளே செல்லரித்திருக்கும், நேரில் வந்து நிரூபிக்கிறேன் என்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பதினொரு மணிக்கு வரச் சொல்லிவிட்டார். டார்ச், டேப், பூதக்கண்ணாடி எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். பேட்டரி புதிது.

நவம்பர் 24, ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பார்த்ததைப் பார்த்த வரிசையில் எழுதுகிறேன்.

டீச்சர் சாவியைக் கொடுத்துவிட்டு, முட்டி வலி, மெதுவாக வருகிறேன், நீங்கள் முன்னால் போங்கள் என்றார். காலி வீடு. செருப்புச் சத்தமே பெரிதாகக் கேட்டது. ஹாலில் நிற்கவில்லை. அந்தச் சுவரில் பூச்சு எப்படிப் பெயர்ந்தது என்று எனக்குத் தெரியும், டிபன் கேரியரின் அடித்தட்டு அளவுக்கு வட்டம். நேரே ஸ்டோர் ரூமுக்குப் போனேன்.

நிலையைத் தட்டிப் பார்த்தேன். கணீரென்றது. செல் இல்லை, ஈரம் இல்லை, நல்ல வேங்கை. பிளவு வெளியிலிருந்து உள்ளே போயிருந்தது. கதவின் வெளிப்பக்கம் தோள் உயரத்தில், ஒரே இடத்தில் இரண்டு முறை மோதிய தடம். முதல் அடியில் விரிசல், இரண்டாவதில் பிளவு. நடுத்தர எடையுள்ள ஆள், வேகமாக. கையில் இருந்த தாளில் இதை எழுதியும்விட்டேன். பழக்க தோஷம்.

பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தி டார்ச் அடித்தேன். தாழ்ப்பாளைத் தோள் மட்டத்தில் தேடினேன், அங்கே இல்லை. இடுப்பு மட்டத்திலும் இல்லை. அது கீழே இருந்தது. டேப் வைத்தேன். தரையிலிருந்து ஒன்றே கால் அடி. கார்ப்பெண்டர் எவனும் அந்த உயரத்தில் போடமாட்டான். ஸ்க்ரூவின் தலையெல்லாம் மழுங்கிக் கிடந்தது. ஸ்க்ரூ டிரைவர் படவில்லை, கத்தி நுனியால் திருகியிருக்கிறாள். ஒரு ஸ்க்ரூ கோணல். அடுத்ததில் அவசரம் தெரிந்தது.

ஒன்றே கால் அடியில் யாருக்குத் தாழ்ப்பாள் வேண்டும்? நிற்கிறவருக்கு வேண்டாம். தரையில் உட்கார்ந்து, கதவில் முதுகைக் கொடுத்துக்கொண்டிருப்பவருக்குத்தான் கை எட்டும்.

டார்ச்சை மேலே கொண்டுபோனேன். எண்ணெய்க் கறை. கைப்பிடிக்குப் பக்கத்தில் இருந்தால் சமையல் கை என்று சொல்லலாம். இது இரண்டரை அடி உயரத்தில், தோசை அகலத்துக்கு வட்டமாக, நடுவில் கறுத்து, ஓரத்தில் மங்கி இருந்தது. பெயிண்டைத் தாண்டி மரத்துக்குள் இறங்கியிருந்தது. கிட்டப் போனேன். வெட்டிவேரும் கறிவேப்பிலையும் மணத்தது.

தலை சாய்ந்த கறை. ஒரு நாளில் வராது. மூன்று நாளிலும் வராது. மூன்று வருஷம் ஆகியிருக்கிறது.

உட்கார்ந்து பார்த்தேன். ஏன் உட்கார்ந்தேன் என்று தெரியாது. கதவில் சாய்ந்தபோது தலை சரியாக அந்தக் கறைக்கு மேலே இரண்டு விரற்கடை வந்தது. அரசி என்னைவிடக் குள்ளம். வலது கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போனது. கதவு உள்பக்கமாகத் திறக்கும் கதவு. இப்படி அவள் உட்கார்ந்திருந்தபோதுதான் வெளியிலிருந்து அந்த இரண்டு அடி விழுந்திருக்கிறது. நிலை பிளந்து கதவு எங்கே போய் மோதியிருக்கும் என்று சொல்ல சர்வேயர் தேவையில்லை. மறுநாள் அவள் ஏன் ஒற்றைக் கையில் பை தூக்கினாள் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கே தெரிந்திருக்கும். நான்தான் பார்க்கவில்லை.

டீச்சர் வந்து கதவுக்கு வெளியே நின்றார். நான் எழுந்திருக்கவில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா டீச்சர் என்று உள்ளேயிருந்தே கேட்டேன்.

"கீழ இருக்கிறவளுக்குக் காது கேக்கும் தம்பி" என்றார். "நான் ஒரு நாளாவது மேல வந்து கதவத் தட்டியிருக்கணும். புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம்னு டிவி சத்தத்தக் கூட்டி வச்சிட்டு உக்காந்திருந்தேன்" என்றார்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

நவம்பர் 25, திங்கள்

வேலைக்குப் போகவில்லை.

நவம்பர் 27, புதன்

ஜூலை பதினாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அரசி அண்ணனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வைத்துவிட்டாள். என்னைப் பற்றித்தானே பேசினாய் என்று கேட்டேன். இல்லைங்க என்றாள். அவ்வளவுதான் காரணம். எத்தனை முறை யோசித்தாலும் வேறு காரணம் கிடைக்கவில்லை.

சோப்பு டப்பாவை எறிந்தேன், வாஷ்பேசினில் பட்டது. அவள் ஸ்டோர் ரூமுக்குள் போய்விட்டாள். திற என்றேன், திறக்கவில்லை. கதவு இறுகிக்கொண்டது என்று டீச்சருக்கு எழுதினேனே, மழைக்காலம் என்று. திருச்சியில் ஜூலையில் மழை ஏது? மணப்பாறைக்காரனைப் பார்த்துச் சிரித்தேன்.

மூன்று தடவை என்று ஒன்பது நாள் முன்னால் இதே டைரியில் எழுதியிருக்கிறேன். அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். எண்ணிக்கை எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

தாழ்ப்பாள் வாங்கக் கடைக்குப் போயிருப்பாள். எந்தக் கதவுக்கும்மா என்று கடைக்காரன் கேட்டிருப்பான். என்ன சொன்னாளோ.

டிசம்பர் 1, ஞாயிறு

உறையூர் போனேன். டீச்சரிடம் பழைய ரிப்போர்ட்டைத் திருப்பித் தரச் சொல்லி வாங்கிக் கிழித்தேன். புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்தேன். அதே கட்டம். ஹால் சுவர், வாஷ்பேசின், நிலை, தாழ்ப்பாள். காரணம் என்ற இடத்தில் எல்லாவற்றுக்கும் என் பெயரை எழுதினேன். எண்ணெய்க் கறைக்கும் எழுதினேன். டீச்சர் கண்ணாடி போட்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். சரி என்று மட்டும் சொல்லி மடித்து வைத்துக்கொண்டார்.

பிடித்தம் போக மீதிக்குச் செக் கொடுத்தார். அதோடு என் பைக்கை விற்ற பணத்தைப் போட்டு அறுபதாயிரம் ஆக்கிவிட்டேன். முதலில் நினைத்தபடி நேரில் கொண்டுபோகவில்லை. என் கையை அவள் முன்னால் நீட்டுகிற தகுதி எனக்கு இல்லை. செக் மாறியதும் கலியமூர்த்தி கணக்குக்கே அனுப்பிவிடுவேன்.

வா என்று கூப்பிடவும் இல்லை. கூப்பிட வேண்டும் என்று நெஞ்சு முழுக்க இருந்தது. ஒரு கடிதம் மட்டும் எழுதினேன். நீ போட்ட தாழ்ப்பாளைப் பார்த்தேன், எதற்கு என்று போனில் கேட்டதற்கு மன்னித்துக்கொள், இனி யாரும் உன்னை அதைக் கேட்கவேண்டியதில்லை என்று. படிப்பாளா தெரியாது.

எண்ணெய் பாட்டிலையும் நன்றாகக் கட்டிப் பார்சலில் வைத்தேன்.

டிசம்பர் 5, வியாழன்

பஸ்ஸில் ஆபீஸ். நாற்பது நிமிஷம் ஆகிறது.

டிசம்பர் 15, ஞாயிறு

கலியமூர்த்தி போன் செய்தார். பணம் வந்தது, பார்சல் வந்தது என்றார். சாதாரணமாக அதோடு வைத்துவிடுகிறவர் இன்று கொஞ்சம் பேசினார். அரசி ஒரு தையல் யூனிட்டில் சேர்ந்துவிட்டாளாம். பக்கத்திலேயே தனியாக ஒரு ரூம் பார்த்து, அந்தப் பணத்தில் அட்வான்ஸ் கொடுத்து, வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினார்களாம். எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். நல்லா இருக்கா என்றார். தோள் வலி இருக்கிறதா என்று கேட்டேன். இப்போது பரவாயில்லை என்றார்.

வைக்கப் போகும்போது அவராகவே சொன்னார்: "சின்ன ரூம்தான் மாப்ள. கதவுல உள்தாழ்ப்பாள் ஆடுது, கார்ப்பெண்டரக் கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்டேன். 'இங்க எதுக்குண்ணே, சாத்தினா போதும்'னுட்டா."

ஏதோ தங்கச்சியின் சிக்கனத்தைச் சொல்வதுபோல்தான் சொன்னார். நல்லது என்றேன். அவர் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் இரண்டு சட்டை துவைத்துப் போட்டேன். சாயங்காலம் மழை வந்தது, எடுத்து உள்ளே கொடியில் போட்டேன்.